வேட்கையும் பசியும்: அறிவுரை மட்டும் போதுமா?

பெங்களூரிலிருந்து ஓசூருக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்துள்ள எலெக்ட்ரானிக் சிட்டியில், நள்ளிரவு கடந்த பின்னரும் பகற்பொழுதின் சுறுசுறுப்பைக் காணலாம். கர்நாடக அரசின் கியோனிக்ஸ் நிறுவனம் 1978ஆம் ஆண்டில் கோணப்பன அக்ரஹாரம், தொட்டதோகூர் என்னும் இரு கிராமங்களின் நிலத்தில், 332 ஏக்கர் பரப்பில் தோற்றுவித்த தொழிற்பேட்டை இது. மின்னணுச் சாதனங்கள் செய்வதற்கென ஏற்பட்ட இவ்விடம், பிற்காலத்தில் கணினித் தொழிலுக்கும் அயல்நாட்டு வாடிக்கையாளர் சேவைக்கும் பெயர் பெற்றது. அமெரிக்காவில் பகலாக இருக்கும் வேளையில் நமக்கு இரவு. ஆகவே அந்நாட்டாருக்காக உழைப்பவர்கள் இங்கே விழித்திருக்க வேண்டியவர்களாகின்றனர்.

இரவு எட்டு மணிக்கு விடுதியில் வயிறார உண்டுவிட்டு வேலைக்கு வந்த ஓர் இளைஞரை எண்ணிப் பார்ப்போம். மணி ஒன்றாகிறது. நாற்காலியை விட்டு அவர் எழவில்லை, உடலுழைப்பும் இல்லை. எட்டு மணிக்கு உண்ட உணவின் சக்தி இன்னும் செலவாகித் தீரவில்லை. ஆயினும் அவர் எழுந்து சென்று, சர்க்கரை மிகுந்த தேநீரும் முட்டை பஃப்ஸும் வாங்கி உண்கிறார். மூன்று மணிக்கு மறுபடியும் ஏதேனும் தேடுகிறார். ‘வாய் நமநமவென்கிறது’ என்று நம் மக்கள் கூறும் நிலை இதுவே. இதனைப் பசி என்று சொல்ல இயலாது. ஆனாலும் சில வேளைகளில் பசியைக் காட்டிலும் இது வலிமை வாய்ந்ததாக உள்ளது.

எலெக்ட்ரானிக் சிட்டியின் இரவுத் தேநீரைப் பற்றித் தமிழ்நாட்டு ஆசிரியரும் களப்பணியாளரும் ஏன் கவலைப்பட வேண்டும் என்று கேட்கலாம். அங்கிருந்து ஓசூர் ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவே. கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம் ஆகிய மாவட்டங்களின் குடும்பங்கள் பலவற்றில் ஒருவரேனும் பெங்களூரிலோ அதன் சுற்றுப்புறத் தொழிற்பேட்டைகளிலோ வேலை பார்க்கின்றனர். நோய் கண்டபின் அவர்கள் திரும்பி வருவது சொந்த ஊருக்கே. வீடு தேடிச் சென்று நீரிழிவையும் இரத்தக் கொதிப்பையும் கண்டறியும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்னும் திட்டம் 2021 ஆகஸ்டு 5ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கப்பெற்றதை வாசகர்கள் அறிவார்கள். அத்தகைய வீடுகளின் திண்ணையில் அமர்ந்து நம் பணியாளர்கள் கூறும் அறிவுரை என்ன? ‘எண்ணெய்ப் பண்டம் ஆகாது, இனிப்பு ஆகாது, பேக்கரிப் பக்கம் போகாதீர்கள்’ என்பதே பெரும்பாலும்.

இவ்வறிவுரை பொய்யன்று. ஆனால் அது பெரும்பாலோரிடம் பலிப்பதில்லை என்பதும், சிலரிடம் தீங்கே விளைவிக்கிறது என்பதும், இதனை மாற்றியமைக்கும் பொறுப்பு நம்முடையது என்பதும் இக்கட்டுரையின் கருத்து.

பலகையும் அதன் எல்லையும்

2025 மே மாதத்தில் மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் தன்னுடன் இணைந்த பள்ளிகளில் சர்க்கரையின் அளவையும் கேட்டையும் விளக்கும் பலகைகளை வைக்குமாறு பணித்தது. அடுத்த மாதத்தில் மத்திய சுகாதார அமைச்சகம், அலுவலகங்களில் எண்ணெய், சர்க்கரை அளவுகளைக் காட்டும் பலகைகளை அமைக்கும்படி ஏனைய அமைச்சகங்களைக் கேட்டுக்கொண்டது. சமோசாவுக்கும் ஜிலேபிக்கும் எச்சரிக்கைச் சீட்டு வரப்போகிறது என்று பத்திரிகைகள் எழுதின. எந்தப் பண்டத்தையும் குறிவைக்கவில்லை என்றும், நல்லுணவின்பால் மக்களைத் தூண்டும் பொதுவான அறிவுரையே அது என்றும் அமைச்சகம் ஜூலையில் விளக்கமளித்தது.

பலகைகள் வரவேற்கத்தக்கவையே. ஒரு புட்டி குளிர்பானத்தில் எத்தனை கரண்டி சர்க்கரை உள்ளது என்பதை அறியாதவர் அறிந்துகொள்வது நன்று. எனினும் எலெக்ட்ரானிக் சிட்டியில் இரவு ஒரு மணிக்கு பஃப்ஸ் உண்பவர் அதன் கேட்டை அறியாதவரா? அவர் பட்டம் பெற்றவர். கையிலுள்ள தொலைபேசியிலேயே கலோரிக் கணக்கு வைத்திருப்பவர். அவருக்குக் குறைவாக இருப்பது அறிவு அன்று. ஆகவே அறிவை மட்டும் ஊட்டுவதால் அவர் நடத்தை மாறும் என எதிர்பார்ப்பது, விடாயுள்ளவனுக்கு நீரின் இரசாயனத்தை விளக்குவது போலாகும். அவர் உண்பதன் காரணத்தை நாம் முதலில் அறிந்துகொள்ள வேண்டும்.

பசி எது, வேட்கை எது?

பசி என்பது உடல் தன் சேமிப்பைக் குறித்து மூளைக்கு விடுக்கும் செய்தி. இரைப்பை காலியாகும்போது கிரெலின் என்னும் ஹார்மோன் சுரந்து உணவைக் கேட்கிறது. ஜப்பானிய விஞ்ஞானிகள் இதனை 1999இல் கண்டறிந்தனர். கொழுப்புத் திசுவிலிருந்து சுரக்கும் லெப்டின், ‘இருப்பு போதும்’ என்று மூளைக்கு உரைக்கிறது. இது அமெரிக்காவில் 1994இல் கண்டுபிடிக்கப்பட்டது. உண்மையான பசி படிப்படியாக வளரும். சோறாயினும் களியாயினும் கிடைத்ததை ஏற்கும். வயிறு நிறைந்தால் அடங்கும்.

வேட்கையின் குணம் வேறு. அது திடீரெனத் தோன்றும். குறித்த ஒரு பண்டத்தையே கேட்கும். வயிறு நிறைந்திருக்கும்போதும் எழும். மணியோசை கேட்ட மாத்திரத்தில் நாயின் வாயில் உமிழ்நீர் ஊறியதைக் காட்டிய ருஷிய விஞ்ஞானி பாவ்லோவின் ஆராய்ச்சியை ஆசிரியர்கள் நன்கறிவார்கள். ஜீரணத்தைப் பற்றிய ஆராய்ச்சிக்காக 1904இல் நோபல் பரிசு பெற்றவர் அவர். மணியோசையில் உணவு ஒன்றுமில்லை. ஆனால் உணவுடன் பலமுறை சேர்ந்து ஒலித்ததனால் அது உணவின் தூதனாயிற்று. அதுபோலவே வேலை நடுவே வரும் இடைவேளையும், தேநீர்க் கடையின் வெளிச்சமும், உடன் பணிபுரிவோர் எழுந்து நிற்கும் காட்சியும், மேலதிகாரியின் கடுஞ்சொல்லும்கூட, நாளடைவில் மணியோசையாக மாறிவிடுகின்றன. வேட்கை பெரும்பாலும் கற்றுக்கொள்ளப்பட்டதே.

ஒன்றை வேண்டுதலும் அதனை அனுபவித்து மகிழ்தலும் மூளையில் ஒரே செயலல்ல என்பது மற்றொரு முக்கியமான உண்மை. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் கென்ட் பெர்ரிட்ஜ் எலிகளிடம் பல்லாண்டுகள் நடத்திய ஆராய்ச்சிகள் இதனைத் தெளிவாக்கின. டோப்பமின் என்னும் பொருள் வேண்டுதலைத் தூண்டுகிறது. ருசியின் இன்பம் பெரும்பாலும் வேறு வழிகளால் ஏற்படுகிறது. ‘சாப்பிட்ட பிறகு அப்படியொன்றும் பிடிக்கவில்லை, ஆனாலும் வாங்காமல் இருக்க முடியவில்லை’ என்று ஒருவர் கூறினால், அவரை நாம் நம்பலாம். மூளையின் அமைப்பே அதற்கு இடம் தருகிறது.

உடலில் ஏதோ ஒரு சத்துக் குறைவதனாலேயே ஆசை தோன்றுகிறது என்ற எண்ணம் மக்களிடையே பரவலாக உள்ளது. சாக்லேட் ஆசை மிகுந்தவர்களைக் கொண்டு அமெரிக்காவில் 1994இல் இதனைச் சோதித்தார்கள். கோக்கோவிலுள்ள பொருள்கள் அனைத்தையும் குளிகையாகக் கொடுத்தபோது ஆசை தணியவில்லை. கோக்கோ மாவு சேராத வெள்ளை சாக்லேட்டைக் கொடுத்தபோது ஓரளவு தணிந்தது. நாக்கு கேட்டது ஒரு சத்தை அன்று. பழகிய சுவையையும் மணத்தையும் வாயில் கரையும் மென்மையையுமே அது கேட்டது.

இதற்கு விலக்கான ஒரு நிலையைக் களப்பணியாளர் ஒருபோதும் மறத்தலாகாது. மண், சாம்பல், பச்சரிசி, பலப்பம், பனிக்கட்டி ஆகியவற்றை ஒருவர் விடாமல் தின்றால், அங்கே இரும்புச்சத்துக் குறைவும் இரத்தசோகையும் இருக்கக்கூடும். கருவுற்ற மகளிர் மண்ணை விரும்பி உண்பது புறநானூற்றுக் காலத்திலேயே அறியப்பட்டிருந்தது. இதனை வெறும் மசக்கை என்று சிரித்து ஒதுக்காமல் இரத்தத்தைச் சோதிப்பதே முறை. பள்ளியில் பலப்பம் தின்னும் பிள்ளையைத் தண்டிப்பதற்கு முன் ஆசிரியரும் இதனை நினைவு கூர்தல் வேண்டும்.

உறக்கத்தின் கடன்

எலெக்ட்ரானிக் சிட்டியின் வேட்கைக்குப் பழக்கத்துடன் சேர்ந்து உறக்கக் குறைவும் காரணமாகிறது. சிகாகோ பல்கலைக்கழகத்தில் நலமுள்ள 12 இளைஞர்களைக் கொண்டு நடத்திய பரிசோதனை ஒன்றின் முடிவு 2004இல் வெளியாயிற்று. இரண்டு இரவுகள் 4 மணி நேரம் மட்டுமே படுக்கையில் இருந்தபோதும், இரண்டு இரவுகள் 10 மணி நேரம் இருந்தபோதும் அவர்களுடைய இரத்தத்தைச் சோதித்து ஒப்பிட்டார்கள். உறக்கம் குறைந்தபோது ‘போதும்’ என்று சொல்லும் லெப்டின் 18 சதவீதம் குறைந்திருந்தது. ‘கொண்டு வா’ என்று சொல்லும் கிரெலின் 28 சதவீதம் கூடியிருந்தது. பசியுணர்ச்சியும் 24 சதவீதம் மிகுந்தது. இனிப்பு, உப்பு, மாவுப் பண்டங்களின் மேலேயே நாட்டம் மிகச் சென்றது. இவ்வளவும் இரண்டே இரவுகளில் நிகழ்ந்தவை. ஆண்டுக்கணக்கில் இரவுப்பணி செய்வோரின் நிலையை இதிலிருந்து ஊகிக்கலாம்.

உடலுக்குள்ளேயே ஒரு கடிகாரம் இருப்பதும் இதில் பங்கு பெறுகிறது. வெளியுலகின் வெளிச்சமும் நேரமும் அறியாத வகையில் 12 பேரை ஆராய்ச்சிக்கூடத்தில் வைத்துப் பார்த்ததில், காலை 8 மணியளவில் பசி மிகத் தணிந்தும் இரவு 8 மணியளவில் மிக ஓங்கியும் இருந்தது 2013இல் தெரிய வந்தது. முன்னிரவில் நன்றாக உண்டு, பிறகு உறங்கி, உண்ணாமல் இரவைக் கழிக்க இயற்கை செய்த ஏற்பாடு இது என்று கருதலாம். உறங்க வேண்டிய நேரத்தில் விழித்திருப்பவருக்கு இந்த ஏற்பாடே பகையாகிறது. உண்ட சர்க்கரையை உடல் கையாளும் திறனும் இரவில் குறைவு. பாஸ்டன் நகரத்தில் 19 பேரை இரவுப்பணியாளர் போல் விழித்திருக்கச் செய்து நடத்திய ஆராய்ச்சியின் முடிவுகள் 2021இல் வெளிவந்தன. இரவில் உண்டவர்களின் இரத்தச் சர்க்கரை சராசரியாக 6.4 சதவீதம் உயர்ந்தது. பகலில் மட்டும் உண்டவர்களுக்குக் குறிப்பிடத்தக்க உயர்வில்லை. இரு சாராரும் விழித்திருந்தார்கள். உண்ட வேளை ஒன்றே வேறு.

உறக்கத்தைத் திருப்பிக் கொடுத்தால் வேட்கை குறையுமா? இதற்கும் விடை உண்டு. உடல் எடை மிகுந்து, குறைவாக உறங்கும் 80 பேரைச் சிகாகோவில் ஆராய்ந்தவர்கள், அவர்களுள் ஒரு பகுதியினருக்கு உறக்கத்தை மட்டும் நாளொன்றுக்கு ஏறக்குறைய 1.2 மணி நேரம் கூட்ட உதவினார்கள். உணவைப் பற்றி ஒரு சொல்லும் கூறவில்லை. அவர்கள் உட்கொண்ட உணவு, மற்றவர்களுடையதோடு ஒப்பிடுகையில், நாளொன்றுக்கு 270 கலோரி அளவு குறைந்தது என்று 2022இல் வெளியிட்டார்கள். உணவைத் தடுக்கும் அறிவுரை சாதிக்கத் தவறுவதை, உறக்கத்தைக் கூட்டும் அறிவுரை ஓரளவு சாதித்தது.

எலெக்ட்ரானிக் சிட்டிக்கு 2010இல் மேம்பாலச் சாலையும் 2025 ஆகஸ்டில் மெட்ரோ இரயிலும் வந்து சேர்ந்தன. பயணத்தில் மிச்சமாகும் ஒவ்வொரு அரைமணியும் உறக்கத்துக்குச் சேருமாயின், இவற்றையும் போஷாக்குத் திட்டங்களாகக் கருதலாம். ஆனால் நள்ளிரவுக்குப் பின் மெட்ரோ ஓடுவதில்லை. எவருடைய உறக்கம் மிகக் குறைவோ அவருக்கே இவ்வுதவி எட்டாமற் போகிறது.

தடையின் எதிர்விளைவு

‘வேண்டாம்’ என்று சொல்லிக்கொள்வதனால் வேட்கை அடங்குமா என்பது அடுத்த கேள்வி. இரண்டாம் உலக யுத்தத்தின் இறுதியில், 1944-45இல், அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் நடத்திய ஆராய்ச்சியை இங்குக் குறிப்பிட வேண்டும். போரில் ஈடுபட மறுத்துத் தாமாக முன்வந்த 36 இளைஞர்களுக்கு ஆறு மாதம் அரைவயிற்று உணவே அளிக்கப்பட்டது. அவர்களின் நினைவும் பேச்சும் கனவும் உணவாகவே ஆயின. முன்னர் சமையலறையை எட்டிப் பாராதவர்களும் சமையல் நூல்களைச் சேகரித்து வாசித்தனர். கட்டுப்பாடு நீங்கிய பிறகு சிலர் வயிறு நிறைந்தும் நிறைவு காணாமல் உண்டனர். இவர்கள் மனவுறுதி அற்றவர்கள் அல்லர், உறுதிக்காகவே தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள்.

பட்டினி அளவுக்குச் செல்லாத சாதாரணக் கட்டுப்பாட்டிலும் இதன் சாயல் உண்டு. கல்லூரி மாணவிகளுக்கு முதலில் பாலும் சர்க்கரையும் சேர்ந்த பானத்தைக் கொடுத்து, பின்னர் ஐஸ்கிரீமைச் சுவைத்துப் பார்க்கச் சொன்ன பரிசோதனையொன்று 1975இல் வெளியாயிற்று. உணவைப் பற்றிக் கவலையில்லாதவர்கள், பானம் அருந்திய பிறகு ஐஸ்கிரீமைக் குறைவாக உண்டனர். எப்பொழுதும் உணவைக் கட்டுப்படுத்தி வருபவர்களோ, பானம் அருந்தியபின் அதிகமாகவே உண்டனர். ‘விரதம் கெட்டது கெட்டுவிட்டது, இனி எவ்வளவு தின்றால் என்ன?’ என்னும் மனநிலை நம் வீடுகளில் காணாததன்று. நாம் எழுதிக் கொடுக்கும் ‘ஆகாத பண்டங்கள்’ பட்டியல் இந்த மனநிலைக்கு வித்திடுகிறது. ஒரு ஜாங்கிரியைத் தின்ற பெண், அடுத்த மாதம் எடை பார்க்க வரவே வெட்கப்படுகிறாள். நாம் இழப்பது ஒரு ஜாங்கிரியை அன்று, ஒரு நோயாளியை.

இதற்கு மறுப்பும் உண்டு. அதனையும் நேர்மையுடன் கூறவேண்டும். முறையான மேற்பார்வையில், பல வாரங்கள் தொடர்ந்து உணவைக் குறைத்தவர்களிடம் வேட்கை கூடாமல் குறைந்ததாகப் பல ஆராய்ச்சிகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் 2017இல் தெரிவித்துள்ளனர். அவ்வாறாயின் தடை நன்மை தருகிறது என்பார்கள். நம் கருத்தில் இது முன்கூறியதோடு முரண்படவில்லை. மணியோசைக்குப் பின் உணவு வருவது நின்றுவிட்டால், நாளடைவில் நாயின் வாயில் உமிழ்நீர் ஊறுவதும் நிற்கும். கற்றதை மறக்க முடியும். ஆனால் அதற்கு நாட்கள் வேண்டும், ஒழுங்கான உணவு வேண்டும், துணை வேண்டும். ஒருநாள் அச்சுறுத்திவிட்டு ஒரு பட்டியலைக் கையில் திணித்து அனுப்புவதில் இம்மூன்றும் இல்லை.

கண்ணெதிரே இருப்பதும் கைக்கெட்டுவதும்

பண்டங்களின் இயல்பும் இதில் சேருகிறது. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் 2019இல் வெளியிட்ட ஆராய்ச்சியில் 20 பேர் நான்கு வாரம் தங்கியிருந்தனர். இரண்டு வாரம் ஆலைகளில் மிகவும் பக்குவப்படுத்தப்பட்ட உணவும், இரண்டு வாரம் சாதாரணச் சமையல் உணவும் அவர்களுக்குப் பரிமாறப்பட்டன. சர்க்கரை, கொழுப்பு, உப்பு, நார்ச்சத்து ஆகியவற்றின் அளவு இரண்டிலும் ஒத்திருக்குமாறு அமைத்தனர். வேண்டிய அளவு உண்ணலாம் என விட்டபோது, ஆலை உணவின் வாரங்களில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 கலோரி அதிகமாக உண்டனர். உண்டவர்கள் அதே மனிதர்கள். அவர்களுடைய மனவுறுதியும் அதே உறுதி.

தொலைவும் ஒரு சக்தியே. நியூயார்க்கிலுள்ள கணினி நிறுவனமொன்றின் அலுவலகத்தில் தேநீர், காப்பி வைத்திருக்கும் மேசைக்கு அருகில் தின்பண்டங்கள் இருந்தபோது, சில அடிகள் தள்ளி வைத்தபோதைக் காட்டிலும் அதிகம் பேர் அவற்றை எடுத்தனர். சில அடிகளே இவ்வாறாயின், தொலைபேசியில் விரலால் தொட்ட சில நிமிடங்களில் பண்டம் விடுதி வாசலுக்கே வந்து சேரும் இக்காலத்தைப் பற்றிக் கூற வேண்டியதில்லை. அந்த வியாபாரத்தின் பெரிய நிறுவனங்களுள் ஒன்று 2014இல் பெங்களூரிலேயே பிறந்தது. இடையில் நடக்க வேண்டிய தூரமும் காத்திருக்க வேண்டிய நேரமும் இருந்தன. அவை வேட்கை தானே தணிவதற்கு அவகாசம் அளித்தன. அந்த அவகாசமே இன்று சுருங்கிவிட்டது.

ஆகவே திருத்த வேண்டியவரில் முதல்வர் உண்பவர் அல்லர். கர்நாடக அரசு 2024 மார்ச்சில் கோபி மஞ்சூரியனில் செயற்கை நிறங்களைச் சேர்ப்பதையும், ரோடமைன்-பி கலந்த பஞ்சுமிட்டாயையும் தடை செய்தது. நாடு முழுவதும் 2022 ஜனவரி முதல் சமையல் எண்ணெயிலும் வனஸ்பதியிலும் டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்துக்கு மேற்படலாகாது என்ற விதி அமலுக்கு வந்தது. கண்ணைக் கவரும் செந்நிறத்தை உண்பவர் வெறுக்க வேண்டும் என்று போதிக்காமல், அதனைச் சேர்ப்பவரைத் தடுத்தது சரியான வழி. இரவில் மூவாயிரம் பேரை விழித்திருக்கச் செய்யும் ஒரு நிறுவனத்துக்கும் இதே நியாயம் பொருந்தும். உணவுக்கூடத்தில் இரவு ஒரு மணிக்குப் பஃப்ஸும் கேக்கும் மட்டுமே கிடைக்குமானால், சுவரில் எத்தனை பலகைகள் இருந்தாலும் பயனில்லை. சுண்டல், வேகவைத்த நிலக்கடலை, மோர், பழம் ஆகியவை முன்வரிசையிலும் குறைந்த விலையிலும் கிடைக்க வேண்டும். வாரந்தோறும் பணி வேளையை மாற்றி உறக்கத்தைக் குலைப்பதையும் நிறுத்த வேண்டும்.

நாம் செய்யத்தக்கவை

களப்பணியாளர், எடையையும் சர்க்கரையையும் குறித்துக்கொண்டதும் உணவுப் பட்டியலுக்குச் செல்லாமல் நான்கு கேள்விகளைக் கேட்கலாம். எத்தனை மணிக்குப் படுத்து எத்தனை மணிக்கு எழுகிறீர்கள்? அந்த ஆசை எந்த வேளையில், எந்த இடத்தில் வருகிறது? அதற்கு முன் எப்போது உண்டீர்கள்? அப்போது மனம் எப்படி இருந்தது? ஒரு வாரம் இவற்றைக் குறித்து வரச் சொன்னால், மணியோசை எது என்பது அவருக்கே புலப்படும். பின்னர் மாற்ற வேண்டியது ஒன்றை மட்டும் அவரையே தேர்ந்தெடுக்கச் சொல்லலாம். ஒருவருக்கு அது அரைமணி உறக்கமாக இருக்கும். மற்றொருவருக்குத் தேநீருக்குச் செல்லும் வழியாக இருக்கும்.

இரவுப்பணியாளருக்கு: முக்கிய உணவை வேலைக்குப் புறப்படுமுன் முடித்துக்கொள்வதும், நள்ளிரவு முதல் விடியும்வரை இலேசான ஆகாரத்தோடு நிறுத்துவதும் நலம். பகலில் உறங்கும் அறையை இருட்டாக்கி, தொலைபேசியை வேறிடத்தில் வைக்க வேண்டும். இன்சுலினோ நீரிழிவு மாத்திரையோ உட்கொள்பவர்கள் மட்டும் மருத்துவரைக் கேளாமல் உணவு வேளையை மாற்றலாகாது. சர்க்கரை அளவு ஆபத்தாகத் தாழ்ந்துவிடக்கூடும்.

வேட்கை எழும் தருணத்துக்கும் ஓர் உபாயம் உண்டு. அது அலையைப் போன்றது; ஏறும், உச்சியை அடையும், இறங்கும். இங்கிலாந்தின் எக்ஸிடர் பல்கலைக்கழகத்தில், சாக்லேட்டை வழக்கமாக உண்ணும் 78 பேரை அலுவலக மேசை போன்ற சூழ்நிலையில் அமர்த்தி ஆராய்ந்தார்கள். வேலைக்கு முன் 15 நிமிடம் விரைவாக நடந்தவர்கள், நடக்காதவர்கள் உண்டதில் ஏறத்தாழப் பாதியையே உண்டனர் என்று 2012இல் வெளியிட்டனர். இதற்குச் செலவில்லை. எலெக்ட்ரானிக் சிட்டியின் வளாகங்களுக்குள் நடக்க இடமும் உண்டு. நடப்பதற்கான 15 நிமிடத்தை மேலாளர் தரவேண்டும், அவ்வளவே.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். சர்க்கரைப் பலகையை மாணவரைக் கொண்டே எழுதச் செய்வது நன்று. அத்துடன் பசிக்கும் வேட்கைக்கும் உள்ள வேற்றுமையை ஒரு பாடவேளையில் நடத்துங்கள். பாவ்லோவின் நாயிலிருந்து தொடங்கி, வீட்டில் எந்த ‘மணி’ அடித்தால் நமக்கு வாய் ஊறுகிறது என்று ஒவ்வொருவரும் எழுதட்டும். பெருத்த உடலுள்ள பிள்ளையையோ ஆசிரியரையோ எடுத்துக்காட்டாக நிறுத்தலாகாது. வெட்கம் எவரையும் குறைவாக உண்ணச் செய்வதில்லை. மறைவாக உண்ணவே செய்கிறது.

அறிவுரையின் எல்லையைக் கடந்த நிலைகளும் உள்ளன. குறுகிய நேரத்தில் தன்னைக் கட்டுப்படுத்த இயலாமல் பெருமளவு உண்டு, பின்னர் வெறுப்பும் துயரமும் அடைவதை மனநோய் மருத்துவர்கள் 2013 முதல் தனியொரு கோளாறாக வகைப்படுத்தியுள்ளனர். இரவில் உறக்கமின்றிப் பெருமளவு உண்ணும் நிலையை அமெரிக்க மருத்துவர் ஸ்டங்கார்டு 1955லேயே விவரித்தார். இத்தகையோரைக் கண்டால் கண்டிக்காமல் உதவிக்கு அனுப்ப வேண்டும். 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட மத்திய அரசின் டெலி-மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் தமிழிலேயே அழைக்கலாம். அதனை ஒருங்கிணைக்கும் நிம்ஹான்ஸ் நிறுவனம், எலெக்ட்ரானிக் சிட்டிக்குச் செல்லும் அதே ஓசூர்ச் சாலையில்தான் உள்ளது.

குறைவின் காலமும் மிகையின் காலமும்

நம் நாட்டில் போஷாக்கு ஆராய்ச்சி 1918இல் நீலகிரிக் குன்னூரில், பெரிபெரி நோயின் காரணத்தைத் தேடுவதற்காக மெக்காரிசனின் தலைமையில் ஓர் அறையில் தொடங்கிற்று. அது 1958இல் ஹைதராபாத்துக்குச் சென்று, பின்னர் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக வளர்ந்தது. அக்காலத்தில் கேட்கப்பட்ட கேள்வி, ‘இவ்வுணவில் இல்லாதது எது?’ என்பது. அக்கேள்வி இன்னும் தீரவில்லை. இரத்தசோகையே அதற்குச் சாட்சி. அதே நிறுவனம் 2024 மே மாதத்தில் வெளியிட்ட உணவு நெறிகள், நாட்டின் நோய்ச்சுமையில் 56.4 சதவீதம் தகாத உணவுமுறையால் நேர்வதாக மதிப்பிடுகின்றன. தமிழ்நாட்டில் உடல் எடை மிகுந்த பெண்கள் 2015-16இல் 30.9 சதவீதமாக இருந்தவர்கள், 2019-21இல் 40.4 சதவீதம் ஆயினர். இவ்வைந்தாண்டுகளில் தமிழ்ப் பெண்களின் மனவுறுதி பத்தில் ஒரு பங்கு குன்றிவிட்டது என்று யாரேனும் நம்ப முடியுமா? மாறியது அவர்களுடைய வேலையும் உறக்கமும் தெருவும் கடையுமே.

எனவே நம் கேள்வியும் விரிவடைய வேண்டும். உணவில் இல்லாதது எது என்று கேட்ட நாம், இவருடைய நாளில் இல்லாதது எது என்றும் கேட்கப் பழகுவோம். அடுத்த முறை ஒருவரின் எடையைக் குறிக்கும்போது, ‘ஆகாத பண்டங்கள்’ என்ற தாளை எடுப்பதற்கு முன்னர், நேற்று இரவு அவர் எத்தனை மணி நேரம் உறங்கினார் என்பதைக் கேட்டு, அந்த எண்ணை எடைக்குப் பக்கத்தில் எழுதி வையுங்கள். மூன்று மாதத்துக்குப் பின் அவ்விரு எண்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பலகையில் எழுத வேண்டியது வேறொன்றும் உண்டு என்பதை அவை நமக்கு உணர்த்தக்கூடும்.